எலி இல்லை என்று நான் சாதித்த நாள்

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்றது ஆறு, வளர்த்தது ஐந்து. கூண்டில் வளர்த்ததைக் கேட்டால் வாரத்துக்கு நாற்பது என்று இருபத்தேழு வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் நீங்கள்தானே.

விலங்குக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் வீடு தேடி வந்தார். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். மற்றதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எத்தனை மணிக்குத் தீனி, எதைப் போட்டுக் கூண்டு கழுவுவது என்பதெல்லாம் இதில் வராது. அதற்குச் சுவரில் அட்டை மாட்டியிருக்கிறீர்கள், பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது. அட்டைக்கு முன்னால் நின்று யாரும் படித்த அடையாளம்தான் இல்லை.

கள்ளிக்குப்பத்தில், ஏரிக்குப் போகிற வழியில், நான்கு ஓட்டுக் கொட்டகை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். குழந்தைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளுமே, அந்த நோய்க்குப் பட்டணத்தில் ஊசி மருந்து தயாரித்தார்கள். ஒவ்வொரு தடவை மருந்து இறங்கும்போதும் அது சரியாக இருக்கிறதா என்று கினிப்பன்றிக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்தக் கினிப்பன்றிகளை வளர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. என் மூன்றாவது பிள்ளை அந்த நோயில்தான் போனான். அப்படி ஒரு மருந்து உண்டென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மறு வருஷம் நான் வேலையில் சேர்ந்தேன். அதற்காகச் சேர்ந்தேன் என்று நினைத்து உருகிவிடாதீர்கள். புல் அறுக்க ஆள் வேண்டும் என்றார்கள், எனக்குப் புல் அறுக்கத் தெரியும். அவ்வளவுதான்.

எங்களுக்கு மேலே ஒரு டாக்டர். பெயர் வேண்டாம், அவர் பெயர் சொல்லிப் பெருமைப்படுகிறவர் இல்லை. படித்தவர்கள் என்னிடம் பேசும்போது கதவைப் பார்த்துப் பேசுவார்கள். இவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார். புல் கட்டை நான் இறக்கி வைத்ததும், இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பார்.

"பன்றின்னு பேரு. பன்றி இல்லை. கினின்னு ஒரு தேசம் இருக்கு, அங்கேயிருந்தும் வரலை. பேர் வெச்சவன் ரெண்டையும் விசாரிக்கலை" என்பார்.

இதன் ஊர் தென் அமெரிக்கா. அங்கே மலைக்காரர்கள் அடுப்பங்கரையில் ஓடவிட்டு வளர்ப்பார்களாம், நாம் கோழி வளர்க்கிற மாதிரி. விருந்தாளி வந்தால் குழம்பு. அந்தத் தேசம் வெகு காலத்துக்கு முன்னால் சுற்றிலும் கடலாக, தனித் தீவாகக் கிடந்ததாம். இவற்றின் மூதாதைகள் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து மரக்கட்டையில் மிதந்து போனது என்று ஒரு கட்சி, அந்தக் காலத்தில் நிலமே ஒட்டிக்கிடந்தது, நடந்தே போனது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒன்றையொன்று முட்டாள் என்று புத்தகம் போட்டுக்கொண்டிருந்தன. போய்ச் சேர்ந்த இடத்தில் காலி மனை நிறைய. ஒன்று முயல் செய்கிற வேலையை எடுத்துக்கொண்டு காட்டில் ஓடியது. ஒன்று குளிர் மலைக்கு ஏறிப் பட்டு மாதிரி மயிர் வளர்த்துக்கொண்டது. ஒன்று முள்ளைப் போர்த்திக்கொண்டு மரம் ஏறியது. ஒன்று ஆற்றில் இறங்கி ஆடு அளவுக்குப் பெருத்துவிட்டது. அந்த ஆற்றுக்காரனைப் பாதிரிமார்கள் மீன் வரிசையில் சேர்த்துவிட்டார்களாம், விரத நாளில் தின்ன வசதியாக.

"அப்போ நம்ம ஊரு எலிக்கு இது இன்னா ஒறவு?" என்று கேட்டேன்.

"கொறிக்கிற கூட்டம்னு பெரிய வீடு ஒண்ணு. அதுல இது ஒரு அறை, எலி வேற அறை. ஆவடிக் காட்டுல இருக்கே முள்ளம்பன்றி, அதுதான் இதுக்குக் கிட்டத்துச் சொந்தம்."

சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. மேஜையில் இருந்த இரண்டு மண்டை ஓடுகளை என் கையில் கொடுத்தார். கண் குழிக்கு முன்னால் எலும்பில் ஒரு ஓட்டை இருக்கும். கினிப்பன்றிக்கு அதில் பென்சில் முனை போய் வெளியே வரும். எலிக்கு அது ஒரு சந்து, தென்னங்குச்சி போனால் அதிகம். கடைவாய்ப் பல் ஒரு பக்கத்துக்கு எலிக்கு மூன்று, இதற்கு நான்கு. நான் விரலால் தடவிப் படித்துக்கொண்டேன். என்னை எந்த வரிசையில் உட்கார வைப்பதென்று ஊருக்கு நன்றாகத் தெரியும், பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டார்கள். ஒரு வாயில்லாப் பிராணிக்காவது பல்லை எண்ணிப் பார்த்து இடம் கொடுக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்.

இன்னொன்றும் சொன்னார். பிளேக் என்று சந்தேகம் வந்தால் கினிப்பன்றியில்தான் சோதிப்பார்களாம். எலிக்குப் பிடிக்கிற மாதிரியே இதற்கும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். எலி செத்தால் அதன் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி இறங்கி அடுத்த உடம்பைத் தேடும். அதனால் கொட்டகையில் ஒரு கண்டிப்பு. கூண்டில் பரப்புகிற வைக்கோலை மூன்று நாள் வெயிலில் போட்டுப் புரட்டாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை. வெயிலைக் கண்டு எட்டு நாள் ஆகியிருந்தது. கரையான்சாவடி தானிய மண்டியிலிருந்து வண்டியில் வந்த வைக்கோல் அப்படியே கிடந்தது. கூண்டெல்லாம் ஈரம், குட்டி போட்டவை நடுங்கின. நான் யாரையும் கேட்காமல் கடைசி வரிசைப் பன்னிரண்டு கூண்டுக்கும் வண்டியிலிருந்த வைக்கோலை அள்ளிப் போட்டேன். அடியில் பிரித்தபோது ஒரு எலி செத்துக் கிடந்தது. பெரிய எலி.

டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வைக்கோலை ஏன் காய வைக்கவில்லை என்ற கேள்வி வரும். அந்த வாரத்து நாற்பதும் போகாது. என் வேலையும் போகலாம். மண்வாரியில் எடுத்துக் கள்ளி வேலிக்குள் எறிந்தேன். அதே மண்வாரியோடு அடுத்த கொட்டகைக்குப் போனேன். எலி சாகிறது உலகத்தில் புதுசா என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, டாக்டர் ரயிலேறிப் பட்டணம் போயிருந்த காலைப் பொழுதில், சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் எலி அடிக்கிற முனுசாமி, தோளில் சாக்கு, கையில் தடி. மேற்கே எங்கேயோ பிளேக் என்ற பேச்சு பூந்தமல்லி வரைக்கும் வந்துவிட்டது. வீடு வீடாக எலியைக் கொல்ல உத்தரவு. எங்கள் கொட்டகைக் கணக்கு எழுதுகிற மேற்பார்வை ரைட்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் வயிற்று வலி என்று கொல்லைக்குப் போனவர், கடைசி வரைக்கும் வலியோடுதான் இருந்தார்.

"இன்னாம்மே, கதவைத் தொறக்கிறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னாத்துக்கு அய்யா?"

"எலிங்கள அடிக்க ஆர்டர் கீது."

"எலி இருந்தா தேடிப் புடிச்சி அடிச்சிக்கோ. நான் வாணான்னா சொல்றேன்?"

"உள்ள கீச்சு கீச்சுன்னு கத்துதே, அது இன்னா, உங்க மாமியாரா?"

நான் புல்லோடு நின்றிருந்தேன். புல் வாசனை வந்தால் ஒரு கொட்டகை முழுக்க விசில் அடிக்கும். அன்றைக்கு என் மானத்தை வாங்குகிற மாதிரி அடித்தன.

முனுசாமி எட்டிப் பார்த்தான். "யப்பா! இன்னா சார் இது, ஊர்ல இருக்கிற அத்தினி பெருச்சாளியையும் கூண்ட கட்டிக் குந்த வெச்சிகீறாங்கோ!"

"எடுடா தடிய" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் வாசலை மறித்து நின்றேன். மறுநாள் காலை வண்டி வந்து நாற்பது உருப்படி எடுத்துப் போக வேண்டும். பட்டணத்தில் மருந்து புட்டியில் அடைத்து, இவற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இவர் கையில் தடி. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது கேள்வி கேட்பது நல்லது என்று மட்டும் தெரியும்.

"அய்யா, அடிச்ச எலிக்கு ஆபீஸ்ல இன்னா காட்டுவீங்கோ?"

"வால. வால வெட்டிக் கட்டு கட்டிக் கொண்டாந்து வைக்கணும்."

"அப்போ மொதல்ல வால எண்ணிப் பாருங்கோ."

முனுசாமி ஒன்றைத் தூக்கினான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். "சார்... வாலே இல்ல சார்."

"நல்லா பாருடா."

"நீயே பாரு சார். வெச்சிக்கினு நான் இன்னா ஒளிச்சா வெக்கிறேன்?"

"முந்நூறு அடிச்சேன், ஒரு வாலும் இல்லன்னு சொன்னா உங்க ஆபீஸ்ல நம்புவாங்களா? வேற எங்கியோ படுத்துத் தூங்கிட்டு வந்துட்டான்னுதான் சொல்லுவாங்கோ" என்றேன்.

இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை, மண்டு ஆளும் இல்லை. கூண்டின் மரச்சட்டத்தைக் காட்டினார். பல் பதிந்து அரைவாசி தேய்ந்திருந்தது. "கொறிக்குதே? கொறிக்கிற ஜாதி எல்லாத்தையும்னு ஆர்டர்ல எழுதிகீது. இதுக்கு இன்னா சொல்ற?"

அவர் சொன்னது சரி. பெரிய வீடு ஒன்றுதான், அறைதான் வேறு. டாக்டர் அங்கே இருந்திருந்தால் ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருப்பார், அவ்வளவு நாணயமானவர். நான் அவ்வளவு நாணயமானவள் இல்லை. உள்ளே போய் இரண்டு மண்டை ஓட்டையும் எடுத்து வந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலையே கேட்டு வாங்கினேன். கினிப்பன்றி ஓட்டில் நுழைத்துக் காட்டினேன். எலி ஓட்டில் நுழைத்துக் காட்டச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். நுழையவில்லை. பல்லை எண்ணச் சொன்னேன். மூன்று, நான்கு. மறுபடி எண்ணினார். மறுபடியும் அதேதான்.

கடைசியாக, அன்று விடியலில் பிறந்த குட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். முழு மயிர், திறந்த கண். கையிலிருந்த அறுகம்புல்லை அதுவே இழுத்துத் தின்றது.

அங்கே என் வழக்கை முடித்துக் கொடுத்தது முனுசாமி. "சார், நான் பொறந்ததிலேர்ந்து எலி அடிக்கிறேன். எலிக்குட்டி செவப்பா, கண்ண மூடிகினு, புழு மாதிரி கெடக்கும். பொறந்த அன்னிக்கே புல்லு துன்ற எலிய எங்க ஆயாவும் பாத்ததில்ல. இது எலி இல்ல சார். ஆட்டுக்குட்டி வகை எதுனா இருக்கும்."

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு எனக்குப் படித்தும் காட்டினார்: எலி அல்ல, வேறு ஜாதி. சைக்கிளைத் திருப்பும்போது, எல்லா வீட்டிலும் கேட்கிற மாதிரி, முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "செத்த எலி எதுனா கண்ணுல பட்டுதா?"

"இல்ல அய்யா" என்றேன்.

அவர்கள் போனதும் ரைட்டருக்கு வயிற்று வலி தீர்ந்தது. "பாரிஸ்டர் தோத்தான் போ!" என்றார். கூட்டுகிறவள், தண்ணீர் சுமக்கிறவன் எல்லாரும் சுற்றி நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் ஒரு சர்க்கார் ஆளை வாயடைக்க வைத்தது அதுதான் முதல் தடவை. அந்தக் குட்டி இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது. தாயிடம் விடப் போனேன். கடைசி வரிசை, ஏழாவது கூண்டு. கீழே அந்த வைக்கோல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்லை எண்ணி, ஓட்டையைக் காட்டி, வாலைத் தேட வைத்து இன்ஸ்பெக்டரை அனுப்பிவிட்டேன். தெள்ளுப்பூச்சியிடம் எந்த மண்டை ஓட்டைக் காட்டுவது? அது ஏறுகிற உடம்பு எந்த அறையைச் சேர்ந்தது என்று கேட்டுவிட்டா ஏறும்? நாளைக்கு வண்டி வரும். நாற்பதும் பட்டணத்துக்குப் போகும். அங்கே இன்னும் எத்தனையோ கூண்டு, எத்தனையோ ஆட்கள். குழந்தைகளுக்குப் போகிற மருந்துக்குப் பக்கத்திலேயே நான் பிளேக்கைக் கூடையில் வைத்து அனுப்புகிறேனோ என்னவோ.

டாக்டர் வரச் சாயங்காலம் ஆகும். அதுவரை காத்திருக்கலாம் என்று மனசு சொன்னது. இரண்டு நாளாக அது சொன்னதைக் கேட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்திருந்தேன்.

ஓடினேன். கொரட்டூர் ஏரிக்கரை மேல் இன்ஸ்பெக்டர் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கூப்பிட்டதும் நின்றார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"ஏம்மே! இம்மாம் நேரம் எலி இல்ல எலி இல்லன்னு சட்டம் பேசுன?"

"இப்பவும் அதான் சொல்றேன். கூண்டுல இருக்கிறது எலி இல்ல. வேலில கெடக்கிறது எலி."

"நான் கேட்டப்போ இல்லன்னியே?"

"பொய் சொன்னேன்."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்புதான் வந்தது. முனுசாமிதான் சிரித்தான். "யக்கா, இதுக்கு நல்லா நீளமா வால் கீதா? அப்போ கணக்குல ஒண்ணாச்சும் ஏறும்."

திரும்பி வந்தோம். முனுசாமி கள்ளிக்குள் இடுக்கியை விட்டு எலியை எடுத்துத் தகர டப்பாவில் மூடினான். அது பட்டணத்துக்குப் போனது. இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே சுண்ணாம்புக் கோடு போட்டு, உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே, வெளியே இருப்பவர்கள் வெளியேயே என்றார். என் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு நாத்தனார் பார்த்துக்கொண்டாள். ரைட்டரும் உள்ளே மாட்டிக்கொண்டார். அவருக்கு மறுபடி வயிற்று வலி வந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

சாயங்காலம் டாக்டர் வந்து கோட்டுக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று தலை குனிந்திருந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பன்னிரண்டு கூண்டை மட்டும் ஒதுக்கி வெச்சுப் பார்த்திருக்கலாம். இப்போ மண்வாரி எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் சந்தேகம். நாற்பதும் போகாது. கடைசி வரிசையை வெச்சுக்க முடியாது" என்றார். பிறகு மெதுவாக, "நீயே செய்யறியா, வேற ஆளை அனுப்பட்டுமா?" என்றார்.

நானே செய்தேன். வைக்கோலையும் நானே கொளுத்தினேன். இன்ஸ்பெக்டருக்கு நீட்டிக் காட்டிய குட்டியும் நான் கொன்றதில் ஒன்று.

அந்த எலி எதனால் செத்தது என்று கண்டுபிடிக்கப் பட்டணத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு கினிப்பன்றிக்கு அதன் சாற்றை ஏற்றிப் பார்த்தார்கள். போன மாதம் நான் அனுப்பியதில் மிச்சமிருந்த இரண்டு. எலி இல்லை என்று நான் அவ்வளவு வாதாடிய பிராணிதான் கடைசியில் எலிக்காகச் சாட்சி சொல்லப் போனது.

பன்னிரண்டு நாள் அடைப்பு. தவிடும் கொண்டைக்கடலையும் உள்ளே இருந்தன. புல்தான் இல்லை. பச்சை தின்னாவிட்டால் இரண்டு வாரத்தில் மூட்டு வீங்கிச் சாகிற ஜாதி இது, நம் ஊர் எலிக்கு அந்தக் கவலையே கிடையாது. மூன்றாம் நாள் காலை வேலிக்கு மேலிருந்து ஒரு புல் கட்டு விழுந்தது. எட்டிப் பார்த்தால் இன்ஸ்பெக்டர், சைக்கிள் கேரியரில் இன்னொரு கட்டு.

"நீங்க எதுக்கு அய்யா..."

"எலிக்குப் போட்டா என் வேல பூடும். இது வேற ஜாதின்னு நான்தானே எழுதிக் குடுத்தேன்? இந்தா, வாங்கு."

தினமும் வந்தார். ஒரு நாள் கோரையும் சேர்த்து அறுத்து வந்துவிட்டார், புல் அறுக்கத் தெரியாத ஆள். கொட்டகை முழுக்க விசில் அடித்தபோது மட்டும் வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் வந்து கோட்டைக் காலால் அழித்தார். பிளேக் இல்லை. எலி மண்டியில் வைத்த பாஷாணத்தைத் தின்று செத்திருக்கிறது. சாற்றை ஏற்றிய இரண்டு கினிப்பன்றியும் நன்றாகத் தின்றுகொண்டிருந்தனவாம். ரைட்டர் என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லாத எலிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? வாயை மூடிகினு இருந்திருந்தா அந்தப் பன்னெண்டு கூண்டு உயிரோட இருந்திருக்கும்ல?" என்றார். கேள்வி நியாயமானது. அன்றைக்கு அந்த எலி எதனால் செத்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தபிறகு யார் வேண்டுமானாலும் புத்திசாலி.

மறுநாள் வண்டி வந்தது. காப்பாற்றி வைத்திருந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, காது பார்த்து, வயிறு தடவி, கூடையில் வைத்துக் கொடுத்தேன். எதற்குப் போகின்றன என்று உங்களுக்கும் தெரியும். தடியிடமிருந்து காப்பாற்றியது ஊசிக்குக் கொடுக்கத்தான். இந்த வேலையில் அதைச் சிரித்து மழுப்புகிறவனையும் பார்த்திருக்கிறேன், அழுது ஓடுகிறவனையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் நிலைக்கவில்லை.

மருந்து பன்னிரண்டு நாள் தாமதமாக வெளியே போனது. அந்தப் பன்னிரண்டு நாளில் பட்டணத்தில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை தொண்டை அடைத்துக் கிடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் விசாரிக்கவில்லை.

டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அடுத்த தடவை செத்த எலியைப் பார்த்தா யாருகிட்ட சொல்லுவே?"

"மொதல்ல எதிர்ல வர்ற ஆள்கிட்ட" என்றேன்.

அந்தப் பதிலுக்குத்தான் அடுத்த இருபது வருஷம் என்னிடம் சாவி இருந்தது என்று நினைக்கிறேன். உங்கள் அட்டையில் இந்த வரி இல்லை. மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளுங்கள்.

போதும், அம்மாடி, பேனாவை மூடு. இப்போது முதலிலிருந்து படித்துக் காட்ட வேண்டாம், பாரிஸ்டர் கதையெல்லாம் நீ நன்றாகத்தான் எழுதியிருப்பாய். நான் மண்வாரியில் எலியை எடுத்து வேலிக்குள் எறிந்த இடத்தை மட்டும் படி. ஆயாவுக்கு அவமானம் என்று விட்டுவிட்டாயோ என்று பார்க்க வேண்டும்.